மடு இருக்கும் இடம்

வெள்ளமுத்தன்பட்டி,
நாகமலை புதுக்கோட்டை வழி,
14-6-2003

திரு. பாலமுரளி அவர்களுக்கு,

ஒச்சாண்டன் கண்மாயின் மடுவை மூடியது நீங்கள். தூர்வாரும் வேலைக்கு உங்கள் அறக்கட்டளை போட்ட உத்தரவில் இருக்கும் கையெழுத்து உங்களுடையது. இருபத்தொன்பது வருடம் எந்தக் கோடையிலும் வற்றாத பள்ளத்தில், விதை மீன் படுத்திருந்த பள்ளத்தில், மண்ணைத் தள்ளிச் சமதளமாக்கிவிட்டுப் போயிருக்கிறீர்கள். இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

மே பன்னிரண்டாம் தேதி கண் ஆபரேஷனுக்காக மதுரைக்குப் போனேன். தூசியில் போகக்கூடாது என்று சொல்லிவிட்டதால் கப்பலூரில் என் மகள் தாமரைச்செல்வி வீட்டில் இருந்தேன். இருபத்து மூன்றாம் தேதி கறுப்புக் கண்ணாடியோடு கரையில் ஏறி நின்றேன். புதுக் கண்ணுக்கு முதலில் தெரிந்தது மடு இருந்த இடத்தில் நிரவிக் கிடந்த மண்தான்.

நீங்கள் படித்தவர். இருந்தாலும் மடு என்றால் என்னவென்று எழுதுகிறேன். நூற்றிருபது ஏக்கரில் நிற்கும் தண்ணீர் கோடையில் சுருங்கிச் சுருங்கி வற்றிய பிறகும் தண்ணீர் நிற்கும்படி வெட்டிய பள்ளம் அது. விராலும் கெளுத்தியும் அந்தச் சேற்றில் படுத்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். மழை வந்தால் அவைதான் கண்மாயை நிரப்பும். நாங்கள் இதுவரை ஒரு மீன் குஞ்சுகூட வெளியிலிருந்து வாங்கி விட்டதில்லை. இப்போது இரண்டு வருடமாக மழை இல்லை. கடைசி இருப்பு அதற்குள்தான் இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு. மீனைப் பற்றி எனக்கு மீனைத் தவிர வேறு யாரும் சொல்லித் தரவில்லை. எந்த மீன் எங்கே படுக்கும் என்பதில் என்னைத் திருத்த இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது.

உங்கள் அறக்கட்டளை அலுவலகத்துக்கு இரண்டு முறை வந்தேன். கடலோரத்துக்கு மாறிப் போய்விட்டீர்கள் என்றார்கள். இதுவரை உங்களைத் தம்பி என்று அழைத்தவன். இந்தக் கடிதத்தில் அப்படி எழுதவில்லை. ஏன் செய்தீர்கள் என்பதற்குப் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஒ. மலையாண்டி


பனையடித்துறை,
இராமநாதபுரம் மாவட்டம்,
2-7-2003

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

கையெழுத்து என்னுடையதுதான். மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை நீங்கள் கேட்க வேண்டும்.

மே பதின்மூன்றாம் தேதி காலையில் உங்கள் ஊர்க்காரர்களைக் கரைக்கு வரச் சொன்னேன். அறுபத்தொரு பேர் வந்தார்கள். வருகைத் தாள் என்னிடம் இருக்கிறது. மூன்று முறை கேட்டேன்: "கண்மாய்க்குள்ள மீன் தங்குற பள்ளம் ஏதும் இருக்கா? இருந்தா சொல்லுங்க, அதத் தொடாம வேலை பார்ப்போம்." அப்படி எதுவும் இல்லை என்றார்கள். வடகிழக்கில், அடியில் தண்ணீர் இருப்பது கரையிலிருந்து தெரியாதபடி கிடந்த முள் குவியலைக் காட்டி அது என்ன என்றேன். "வெள்ளத்துல அடிச்சிட்டு வந்த குப்ப சார் அது" என்றார் அழகுபாண்டி. உங்கள் மனைவி ஒச்சாயி அம்மாவும் அங்கேதான் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

குப்பை என்றார்கள். 'குப்பையை அகற்றிச் சமன் செய்க' என்று எழுதினேன். பதினாறாம் தேதி அழகர் ஆற்றில் இறங்கும் நாள். ஊர் முழுக்க மதுரைக்குப் போய்விட்டது. ஜேசிபிக்காரர்கள் வெளியூர் ஆட்கள், திருவிழா பார்க்காதவர்கள். அன்று ஒரே பகலில் முடித்துவிட்டார்கள்.

இரண்டு வருடம் உங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன் ஐயா. தெற்குமாசி வீதிப் பக்கத்து நெசவுக்கார வீட்டுப் பிள்ளை நான். விரால் முள் எடுக்கவே எனக்கு ஒச்சாயி அம்மாதான் பழக்கினார். அந்த வீட்டில் ஒருவர்கூட என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு ஆறவில்லை.

இன்னொன்று. 2001 மீன்பிடித் திருவிழாவில் எல்லோரும் கண்மாய்க்குள் இறங்கினீர்கள். வெளியாள் இறங்கக்கூடாது என்று என்னைக் கரையில் நிறுத்தினீர்கள். சாயங்காலம் ஒரு குடம் விரால் குஞ்சைக் கையில் கொடுத்து, "விக்காத, வளர்த்துக்க" என்றீர்கள். அப்போதே அறக்கட்டளை வேலையாக இங்கே வந்துபோவேன்; அதை இந்த ஊர் ஊரணியில் விட்டிருந்தேன். அவை உயிரோடு இருக்கின்றன.

தங்கள்,
பாலமுரளி


வெள்ளமுத்தன்பட்டி,
11-7-2003

திரு. பாலமுரளி அவர்களுக்கு,

என் ஊர் பொய் சொன்னது என்கிறீர்கள். என் ஊர் சொல்லைக் காத்தது.

1974 பஞ்சத்தில் வெளியூர்க்காரர்கள் ஒரு லாரியில் வலையோடு வந்தார்கள். கடைசித் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று எங்கள் ஆளிடமே கேட்டு, அவன் விரலைக் காட்டியதும், விதை மீனை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த மழையில் கண்மாய் நிறைந்தது. உள்ளே தவளை மட்டும் இருந்தது. அதற்குப் பிறகுதான் நான் வாய்க்கால் குழியில் தப்பிக் கிடந்த நாலைந்து மீனைப் பிடித்து விட்டு, மடுவை வேறு இடத்தில் வெட்டி முள் போட்டேன். கருப்பசாமி கோயிலில் சூடத்தின் மேல் கை அடித்தோம். மடு இருக்கும் இடத்தை வெளியாளுக்கு யாரும் சொல்லக்கூடாது. சத்தியத்தைச் சொன்னவன் நான். ஊர் திருப்பிச் சொன்னது.

நீங்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். ஆனால் கண்மாய்க்கு வெளியாள். அறுபத்தொரு பேரில் ஒருவர்கூட மடுவைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

மீன் எத்தனை இருக்கிறது?

ஒ. மலையாண்டி


பனையடித்துறை,
24-7-2003

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

நாற்பத்து மூன்று. முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருக்கின்றன. ஒச்சாண்டன் கண்மாய் விரால் என்று சொல்ல உலகத்தில் இப்போது அவைதான் இருக்கின்றன.

அவையும் நிலைக்காது போலிருக்கிறது. இந்த ஊரைப் பற்றிச் சொல்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் வெளியூர் முதலாளிகள் இறால் பண்ணை போட்டார்கள். கடல்நீரை வாய்க்கால் வெட்டி உள்ளே கொண்டுவந்தார்கள். நோய் வந்து இறால் செத்ததும் பண்ணையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வாய்க்கால் மட்டும் இருக்கிறது. கடல் ஏறும் நாளில் உப்பு அதன் வழியாக ஊருக்குள் வருகிறது. மழை இருந்தால் உப்பைக் கழுவிவிடும். மழை இல்லை.

இங்கே மீன்காரப் பெண்கள் பதினெட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தலைவி சுந்தரம்மாள். கடலில் மீன் குறைந்துவிட்டதால் பாழான பண்ணைக் குட்டைகளில் கொடுவா மீன் வளர்க்கிறார்கள், ஊரணியில் விரால். ஊரணி நாளுக்கு நாள் இறங்குகிறது. தண்ணீரை நாக்கில் வைத்தாலே கரிக்கிறது. ஆகஸ்டு முடிவதற்குள் எல்லாவற்றையும் பிடித்து விற்றுவிடலாம் என்கிறார்கள். நான் தடுத்தேன். "செத்த மீன வச்சுக் கும்பிடவா சொல்றீக? உசுரா இருக்கையில வித்தா நாலு வீட்டுல அடுப்பெரியும்" என்றார் சுந்தரம்மாள். உங்களுக்கு எழுதிப் பதில் வரும்வரை பொறுக்கச் சொன்னேன்.

மடு எப்படி வெட்டுவது? எங்கே, எவ்வளவு ஆழம், முள்ளை எப்படிப் போடுவது? எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

என் அப்பா சாயம் போடுகிறவர். அவர் போட்ட ஒரு சிவப்பு மதுரையில் வேறு யாருக்கும் வராது. கலக்கும் அளவை மருமகனுக்குக்கூடச் சொல்லவில்லை. மாரடைப்பில் போனார். அந்தச் சிவப்பும் அவரோடு போனது. அவர் சொல்லைக் காத்தார் என்று எங்கள் வீட்டில் யாரும் பெருமைப்படவில்லை ஐயா.

பாலமுரளி


வெள்ளமுத்தன்பட்டி,
9-8-2003

திரு. பாலமுரளி அவர்களுக்கு,

ஊரைக் கோயிலுக்குக் கூப்பிட்டேன். நான் கட்டிய சத்தியத்தை ஊர் அவிழ்த்தால்தான் என்னால் எழுத முடியும். விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் அழகுபாண்டி கேட்டான்: "ஏண்ணே, இதே வார்த்தைய அன்னைக்குச் சொல்லிருந்தா மடு தப்பிச்சிருக்கும்ல?"

"அன்னைக்கு நான் ஊர்ல இல்லையேடா."

"அதத்தாண்ணே சொல்றேன். நீங்க இல்லாட்டி எங்களுக்கு வாய் எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒச்சாயி, "நீ போட்ட பூட்டு. நீயே தொறந்துக்க. எங்கள ஏன் கூட்டி வச்சிருக்க?" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அவிழ்த்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் கடைசியாக நிற்கும் இடத்தில் வெட்டக்கூடாது. அங்கே வண்டலும் கழிவும் சேரும். அதிலிருந்து நாற்பது அடி தள்ளிக் களிமண் இருக்கும் இடமாகப் பாருங்கள். காலால் மிதித்துப் பார்க்க வேண்டும். குதிகால் வழுக்கினால் களிமண். இரண்டு ஆள் ஆழம். ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும், மீன் ஏறி இறங்க. அடியில் மணல் தட்டினால் களிமண்ணைக் குழைத்துப் பூசி மிதியுங்கள். கீழிருந்து உப்பு ஊறுவதும் அதில் அடைபடும். கருவேல முள்ளைக் கட்டாகக் கட்டி, அடிமரம் கீழே இருக்கும்படி நிறுத்தி, கல்லைக் கட்டுங்கள். நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு இடம் விடுங்கள். விரால் மேலே வந்து மூச்சு எடுக்கும். முள் இருந்தால் வலை விழாது, கொக்கும் நீர்க்காகமும் இறங்காது.

இதை வெளியாளுக்கு எழுதுவது இதுவே முதல் தடவை.

ஒ. மலையாண்டி


பனையடித்துறை,
30-8-2003

ஐயா,

நீங்கள் எழுதியபடியே வெட்டினோம். பதினெட்டுப் பெண்களும் ஆறு நாள் மண் சுமந்தார்கள். முள் போட்ட ஐந்தாம் நாள் தண்ணீர் கறுத்துவிட்டது. பதினொரு மீன் செத்து மிதந்தன. பெரியவை.

பல்கலைக்கழகத்தில் கேட்டேன். பச்சை முள் அழுகினால் இப்படி ஆகும் என்கிறார்கள். காய்ந்த முள்தான் போட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஏன் எழுதவில்லை? பூட்டைத் திறந்துவிட்டுச் சாவியில் பாதியை வைத்துக்கொண்டீர்களா?

சுந்தரம்மாள் உங்களுக்கு இதை அப்படியே எழுதச் சொன்னார்: "பெரியவருக்கு மனசு வந்தா நேர்ல வந்து சொல்லட்டும். கடுதாசிய நம்பி நாங்க இனிமே முள்ளு வெட்ட மாட்டோம்."

பாலமுரளி


வெள்ளமுத்தன்பட்டி,
21-9-2003

பாலமுரளிக்கு,

பனையடித்துறைக்கு வந்த அன்றே அந்தப் பெண்கள் முன்னால் சொன்னதை எழுத்திலும் எழுதிவிடுகிறேன். நான் மறைக்கவில்லை. எங்கள் ஊரில் முள்ளை வெட்டினால் ஒரு வருடம் வேலியாகக் கிடக்கும், அடுத்த வருடம்தான் மடுவுக்குப் போகும். பச்சை முள்ளை யாராவது தண்ணீரில் போடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் போனது. பதினொரு மீன் என் கணக்கில்.

நான் கொண்டுவந்த காய்ந்த முள் கட்டைப் பேருந்தின் கூரையில் ஏற்ற நடத்துநர் மறுத்ததையும், பரமக்குடி வரை அதற்காக அவரோடு சண்டை போட்டதையும் நீ அங்கே சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாய். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. முள் வந்து சேர்ந்தது.

அந்த அம்மா சுந்தரம்மாள் பேச்சில் மரியாதை இல்லை. ஆனால் வேலை தெரிந்தவள். கடல் வாய்க்காலின் குறுக்கே பனைமரத்தை அடுக்கி, இடையில் களிமண் திணித்துப் புதிதாகக் கரை போட்டிருக்கிறார்களே, அதை நான் மூன்று முறை நடந்து பார்த்தேன். குறை சொல்ல ஓரிடம் தேடினேன். கிடைக்கவில்லை. பாழாய்க் கிடந்த குட்டையில் கொடுவா துள்ளுவதையும் பார்த்தேன். எவனோ கெடுத்துவிட்டுப் போன இடத்தைப் பதினெட்டுப் பெண்கள் திருப்பி எடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததற்காகவே இந்தக் கண் ஆபரேஷன் செய்தது தகும்.

மடுவின் மேற்குப் பக்கம் பனையோலைத் தட்டி கட்டப் போவதாகச் சொன்னாள். முள்ளே போதும், நிழல் எதற்கு என்றேன். "உங்க ஊரு வெயிலு வேற, எங்க ஊரு வெயிலு வேற பெரியவரே. இங்க மணலும் சேந்து காயும்" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக் கிழக்குப் பக்கத் தண்ணீரிலும் மேற்குப் பக்கத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி வைத்தாள். வித்தியாசம் இருந்தது. கட்டட்டும்.

மடுவை மூடியது உன் உத்தரவு. அதில் நான் மாறவில்லை. கிளம்பும்போது அவள் ஒன்று கேட்டாள்: "மடுவ மூடினது இந்தத் தம்பி. சரி. அறுபத்தோரு வாய மூடினது யாரு?" நான் பையை எடுத்துக்கொண்டேன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

முப்பத்திரண்டையும் பார்த்துக்கொள்.

ஒ. மலையாண்டி


பனையடித்துறை,
28-11-2004

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

மழை! ஐப்பசி முழுக்க ஊற்றியது. ஊரணி நிறைந்து வழிந்தது. முப்பத்திரண்டும் மடுவை விட்டு வெளியே வந்தன. இப்போது கரையோரம் எங்கே பார்த்தாலும் செந்நிறத் திட்டுத் திட்டாகக் குஞ்சுகள், பக்கத்திலேயே காவலுக்குத் தாயும் தகப்பனும். நேற்று ஒரு நாய் தண்ணீர் குடிக்க இறங்கியது. ஒரு விரால் அதன் மூக்கைப் பார்த்துப் பாய்ந்தது. சுந்தரம்மாள், "பெரியவரு ஊரு மீனுன்னு இப்பத்தான் நம்புறேன்" என்றார்.

ஒச்சாண்டன் கண்மாயும் நிறைந்துவிட்டது என்று தாமரைச்செல்வி போனில் சொன்னார். புதிய மடுவும் தயாராம். எட்டு ஜோடியும் நான்கு குடம் குஞ்சும் தருவதாகக் குழு முடிவெடுத்திருக்கிறது. விற்பனை இல்லை; குடத்துக்குக் குடம். ஈரச் சாக்கில் சுற்றி வேனில் கொண்டுவருகிறேன்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன்: "நாங்க குடுக்குற மீனு எங்க கிடக்குன்னு எல்லாருக்கும் தெரியணும். வழியில போறவன் கேட்டாலும் காட்டணும். ஒளிச்சு வைக்கிறதா இருந்தா குடுக்க மாட்டோம். ஒளிச்சு வச்சு ஒருக்கா தொலைச்சாச்சு."

நான் இதில் வாதாடவில்லை. நீங்கள் சம்மதித்தால் மட்டும் வேன் கிளம்பும்.

தங்கள்,
பாலமுரளி


வெள்ளமுத்தன்பட்டி,
30-4-2006

தம்பி பாலமுரளிக்கு,

அன்றைக்கு அந்த நிபந்தனைக்குப் பதிலாக உனக்கு வந்தது ஒரே வார்த்தைத் தந்தி: 'வரவும்.' அதற்கு மேல் எழுத எனக்கு அப்போது வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

போன கோடையில் ஊர் கெஞ்சியும் நான் மீன்பிடிக்க விடவில்லை. மீனுக்கு ஒரு வருடம் வேண்டும் என்றேன். என்னைத் திட்டாதவர் கோயிலில் இருக்கும் கருப்பசாமி மட்டும்தான். இந்த வருடம் கரையில் நின்றாலே தண்ணீர் கொதிப்பது போல் இருக்கிறது. திட்டியவர்கள் இப்போது மாலையானால் வந்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு குஞ்சு வாங்கவில்லை. எங்கள் மீன், கடற்கரைக்குப் போய் உயிர் பிழைத்துத் திரும்பி வந்த மீன்.

சுனாமியில் கடல் பொங்கிய அன்று உங்கள் பனைமரக் கரை உப்பை ஊரணிக்குள் விடாமல் நின்றதாக எழுதியிருந்தாய். அதை ஊரில் வாசித்துக் காட்டினேன். எங்கள் களிமண் பூச்சு, அவர்கள் பனைமரம். இரண்டு ஊரும் சொல்லிக்கொள்ளலாம்.

மே இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை. கண்மாயில் மீன்பிடி. செய்ய வேண்டியதையும் செய்ய வேண்டியவர்களையும் கீழே எழுதியிருக்கிறேன். ஊருக்கு ஒரு பிரதி, உனக்கு ஒன்று, பனையடித்துறைக்கு ஒன்று.

மலையாண்டி: கரையில் கல் நட வேண்டும். கல் மேலூரிலிருந்து வந்துவிட்டது. 'மடு இங்கிருந்து வடகிழக்கே நூற்றுப் பத்து அடியில் உள்ளது. இங்கே மண் தள்ளாதே' என்று வெட்ட வேண்டும். இந்த வேலை வேறு யாருக்கும் இல்லை. பூட்டியவன்தான் திறக்க வேண்டும்.

ஊர்: கருப்பசாமி முன்னால் புதுச் சத்தியம். யார் கேட்டாலும் மடுவைக் காட்ட வேண்டும். திருடன் கேட்டாலும் காட்ட வேண்டும். காட்டிய பிறகு திருடனைக் கவனிப்பது கண்மாய்க் காவல்காரன் கருத்தக்கண்ணன் வேலை. அவன் ஒப்புக்கொண்டான், சந்தோஷமாகவே.

அழகுபாண்டி: தை மாதம் முள் மாற்ற வேண்டும். ஒரு வருடம் காய்ந்த முள். இதை எழுதி வைக்க வேண்டும், எல்லோருக்கும் தெரியும் என்று விடக்கூடாது. நான் ஊரில் இல்லாத நாளிலும் அவன் வாய் திறக்க வேண்டும்.

ஒச்சாயி: அவளுக்கு நான் எதுவும் எழுதவில்லை. அவளே இரண்டு அண்டா வாங்கி வைத்துவிட்டாள்.

பிடிக்கிறவர்கள்: குஞ்சோடு நிற்கும் விராலைத் தொடக்கூடாது. முள்ளுக்குப் பத்தடிக்குள் போகக்கூடாது. பிடித்ததை விற்கக்கூடாது.

சுந்தரம்மாளும் பதினேழு பேரும்: முந்தின நாளே வந்துவிட வேண்டும். பனையோலைத் தட்டியைக் கையோடு கொண்டுவர வேண்டும். எங்கள் ஆட்கள் பின்னியது மேற்கு வெயிலுக்குத் தாங்கவில்லை.

உன் அலுவலகம்: எந்த ஊர்க் கண்மாயிலும் இயந்திரம் இறங்குவதற்கு முன் மூன்று நாள் பொறுக்க வேண்டும். கரையில் நின்று தாளில் கையெழுத்து வாங்கினால் போதாது. உள்ளே இறங்கிக் காலால் மிதித்துப் பார்க்க வேண்டும். குதிகால் வழுக்கும் இடத்தில் நின்று மறுபடி கேட்க வேண்டும்.

வெள்ளைத் துண்டை வீசி இறங்கச் சொல்வது: நான். இதில் மாற்றம் இல்லை, யாரும் கேட்க வேண்டாம்.

பாலமுரளி: காலை ஐந்தரைக்குள் வர வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டத் தெரியாவிட்டால் கால்சட்டையில் வா. எங்கள் ஊரில் கூடை முடைகிற மலைச்சாமி உனக்கென்று மூங்கிலில் அடியில்லாத ஊத்தாக் கூடை ஒன்று முடைந்து வைத்திருக்கிறான். மீனின் மேல் கவிழ்த்து, மேல் வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும், மற்றதை உள்ளே போனால் தெரிந்துகொள்வாய். இந்த முறை கரையில் உனக்கு இடம் கிடையாது. துண்டு விழுந்ததும் இறங்க வேண்டும்.

ஒ. மலையாண்டி